வடகரையில் ஒரு தீயணைப்பு அருங்காட்சியகம்: நான்கு வழிகளும் ஒரு வண்டியும்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்து வடகரையில், வெருலத்துக்கும் குவாடுகூசாவுக்கும் இடைப்பட்ட கரும்பு வட்டாரத்தில், தீயணைப்பு வரலாற்றுக்கென்று ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்ற பேச்சு எங்கள் சங்கத்தில் பல காலமாக இருந்துவருகிறது. அது இப்போது முடிவெடுக்க வேண்டிய கட்டத்துக்கு வந்துவிட்டது. ஓய்வுபெற்ற தீயணைப்பாளர்கள் சிலர் தங்களிடமிருந்த தலைக்கவசங்களையும் குழாய் முனைகளையும் நிழற்படங்களையும் கொடுத்திருக்கிறார்கள். அவை இன்று ஒரு கோயில் மண்டபத்தின் பின்னறையில், திருவிழா அண்டாக்களுக்கு நடுவே கிடக்கின்றன. செயற்குழுவின் முன்னால் நான்கு வழிகள் உள்ளன. பணியில் இருக்கும் தீயணைப்பு நிலையம் ஒன்றில் ஒரு மூலையைக் கேட்டுப் பெறலாம். பழைய கட்டடம் ஒன்றை எடுத்துச் சொந்தமாக அருங்காட்சியகம் நிறுவலாம். ஏற்கெனவே நடந்துவரும் அருங்காட்சியகம் ஒன்றின் ஓர் அறையில் இடம் பெறலாம். அல்லது ஊர் ஊராகச் செல்லும் நடமாடும் காட்சியாகத் தொடங்கலாம். இந்த நான்குக்கும் குறுக்கே ஒரு சிவப்பு வண்டி நிற்கிறது. அருங்காட்சியகம் என்றதுமே உறுப்பினர் பலருக்குப் பழைய தீயணைப்பு வண்டிதான் நினைவுக்கு வருகிறது. முதலில் வண்டி கிடைக்கட்டும், மற்றதெல்லாம் தானாக வரும் என்பது அவர்கள் வாதம். வண்டி வந்துவிட்டால் மற்றவற்றுக்கு இடமும் பணமும் இராது என்பது என் கருத்து. இக்கட்டுரை நடுநிலை போல நடிக்கவில்லை. ஆனால் நான்கு வழிகளின் நிறைகுறைகளையும் மறைக்காமல் வைக்க முயல்கிறது.

இடத்தைப் பற்றிப் பேசுமுன் எதைக் காட்டப்போகிறோம் என்பது தெளிவாக வேண்டும். தீயணைப்புக் கருவிகளின் வரலாறு உலகெங்கும் பெரும்பாலும் ஒன்றே. 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் யான் வான் டெர் ஹெய்டன் வளையக்கூடிய தோல் குழாயை உருவாக்கினார். 1824-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் பிரெய்ட்வுட்டின் தலைமையில் நகராட்சித் தீயணைப்புப் படை அமைந்தது. 1860-களில் லண்டன் தீயணைப்புப் படைத் தலைவர் கேப்டன் ஷா, பாரிஸ் தீயணைப்பாளர்களைப் பார்த்துப் பித்தளைத் தலைக்கவசத்தைக் கொண்டுவந்தார். கட்டடங்களில் மின்கம்பிகள் பெருகிய பிறகு, பித்தளை மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் 1930-களில் அது கைவிடப்பட்டது. இவை சுவையான செய்திகள்தாம். ஆனால் இவற்றைச் சொல்ல வடகரையில் ஓர் அருங்காட்சியகம் தேவையில்லை. வண்டிகளைப் பார்க்க விரும்புவோருக்கு ஜோகன்னஸ்பர்க்கில் 1964-இல் தொடங்கப்பட்ட ஜேம்ஸ் ஹால் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் பழைய தீயணைப்பு வண்டிகள் இருக்கின்றன.

நம் வட்டாரத்துக்கே உரிய கதை கரும்புத் தோட்டத்தில் தொடங்குகிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் 342 பேரை டர்பனில் இறக்கியது. 1911-இல் ஒப்பந்தக் கூலி முறை நிற்கும் வரை வந்து சேர்ந்த 1,52,000-க்கும் மேற்பட்டோரில் மிகப் பலர் கரும்புத் தோட்டங்களுக்கே அனுப்பப்பட்டனர். கரும்பு இருக்கும் இடத்தில் நெருப்பும் இருக்கும். வெட்டுக்கு முன் காய்ந்த இலையான சோகையை எரித்துவிட்டால் வெட்டுவது எளிது. ஆனால் எரிந்த கரும்பைச் சில நாள்களுக்குள் ஆலையில் ஆட்டியாக வேண்டும், இல்லையேல் சர்க்கரைச் சத்து குறைந்துவிடும். தானே பற்றிக்கொண்ட தீ ஆலையின் நாள்கணக்கையே குலைத்துவிடும் என்பதால், தோட்டத்தில் தீயை அணைப்பது பயிரைக் காப்பதோடு முடிந்துபோகிற காரியமாக இருந்ததில்லை. குளிர்காலக் கடைசியில் உள்நாட்டு மலைப்பக்கத்திலிருந்து வறண்டு சூடாக இறங்கும் பெர்க் காற்றின் நாள்களில், திட்டமிட்டு வைத்த தீயும், எரியக்கூடியதை அகற்றி விட்டிருக்கும் தீத்தடுப்புக் கோட்டைத் தாண்டிவிடும். அப்போது அதை எதிர்கொண்ட கருவிகள் தீத்தடுப்புக் கோடு, நனைத்த கோணிச் சாக்கு, பச்சைக் கிளை, முதுகில் சுமக்கும் பம்பு, எதிரிலிருந்து வைக்கும் எதிர்த்தீ ஆகியவைதாம். கரும்பு வெட்டியவர்களே தீயையும் அடித்தார்கள். அவர்களைத் தீயணைப்பாளர் என்று எவரும் அழைக்கவில்லை.

அடுத்தது வீடு. மரச்சட்டத்தில் தகரம் அடித்து உள்ளே பலகை வைத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சமையற்கட்டைத் தனியாக ஒதுக்கிக் கட்டியதும், மண்ணெண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றாமல் மணலையோ ஈரச் சாக்கையோ போட்டு மூடியதும் அந்த வீடுகளின் தீயணைப்பு அறிவு. எங்களிடம் பேசிய ஒரு மூதாட்டி, பிரைமஸ் என்ற மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்த ஒரு மாலையைப் பற்றிச் சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது: "வண்டி வர்ற வரைக்கும் யாரு தம்பி காத்திருந்தா? ஒருத்தி சாக்க நனைச்சா, ஒருத்தி பிள்ளைங்கள வெளிய இழுத்தா, ஆம்பிளைங்க மேல ஏறித் தகரத்தப் பிரிச்சாங்க." தகரத்தைப் பிரித்தது பதற்றத்தில் செய்த செயல் அன்று. கூரையைத் திறந்தால் புகையும் வெப்பமும் மேல்நோக்கிப் போகும். பக்கவாட்டில் அடுத்த வீட்டுக்குத் தாவுவது குறையும். பயிற்சி பெற்ற தீயணைப்பாளர்கள் இன்றும் தக்க தருணம் பார்த்துக் கூரையைத் திறக்கிறார்கள். அந்த ஒரு பதிவு, ஒரு வரிசைத் தலைக்கவசங்களைவிடப் பெறுமானம் உள்ளது என்பேன்.

நகரத் தீகளும் சேர வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர மண்டபம் 1898-இல் எரிந்து 1901-இல் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. தென் அரைக்கோளத்தின் மிகப் பெரிய செங்கல் கட்டடம் என்று ஊரார் பெருமையாகச் சொல்வது இந்த இரண்டாவது கட்டடத்தைத்தான். 1910-இல் உருவான டர்பன் விக்டோரியா தெரு இந்தியச் சந்தை 1973-இல் தீக்கு இரையானது. புதிய சந்தை 1990-இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மசாலா வணிகர்களும் காய்கறிக்காரர்களும் எப்படிப் பிழைத்தார்கள் என்பதைக் குடும்பங்கள் இன்றும் சொல்லும். இவற்றைவிடக் கடினமானவையும் உண்டு. 142 பேர் இறந்த 1949 ஜனவரி டர்பன் கலவரத்தில் வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்டன. காந்தி 1904-இல் நிறுவிய பீனிக்ஸ் குடியிருப்பு 1985 ஆகஸ்டில் எரிக்கப்பட்டது. 2021 ஜூலை 12 இரவு, கலவரத்தின் நடுவே, டர்பனுக்கு வடக்கே கார்னூபியாவில் ஒரு வேளாண் ரசாயனக் கிடங்கு பற்றியெரிந்தது. தீயை அணைக்கப் பீய்ச்சிய தண்ணீரே நஞ்சைச் சுமந்து ஓலங்கா ஆற்றுக் கழிமுகத்துக்கும் கடலுக்கும் கொண்டுபோனது. தண்ணீர் எப்போதும் நண்பன் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நம் அருகில் இல்லை.

இன்னொன்றையும் ஒதுக்க முடியாது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தொழில் ஒதுக்கீட்டில், கேப் டவுன் நகராட்சியின் தீயணைப்பாளர் வேலை வெள்ளையருக்கென்று ஒதுக்கப்பட்டது. யார் தீயணைப்பாளர் ஆகலாம், எந்தத் தெருவில் ஹைட்ரண்ட் (தீயணைப்புக் குழாயை மாட்டும் தெருத் தண்ணீர் முனை) இருக்கும், எந்தக் குடியிருப்புக்கு வண்டி எவ்வளவு நேரத்தில் வரும் என்ற மூன்று கேள்விகளும் இந்நாட்டில் நிறத்தோடு பின்னிக்கிடந்தவை. வண்டியை மட்டும் பளபளப்பாகத் துடைத்து நிறுத்தினால் இக்கேள்விகள் அதன் பின்னால் மறைந்துவிடும்.

இங்கே ஒரு சிறு குறிப்பு. தீமிதியையும் இதில் சேர்க்கலாமே, கூட்டம் வருமே என்று சிலர் கேட்கிறார்கள். உம்பிலோவிலும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் நடப்பது நேர்த்திக்கடன். அங்கே நெருப்பு அணைக்கப்பட வேண்டிய பொருள் அன்று. இரண்டையும் ஒரே அறையில் வைத்தால் இரண்டும் கெடும். இதைச் செயற்குழு தொடக்கத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

இனி வழிகளுக்கு வருவோம்.

தீயணைப்பு நிலையத்தில் ஒரு மூலை என்பது செலவு மிகக் குறைந்த வழி. சுவரும் கூரையும் காவலும் இருக்கின்றன. பிள்ளைகள் பழைய முனையைப் பார்த்த கையோடு இன்றைய வண்டியையும் பார்க்கலாம். விளக்கம் சொல்லத் தீயணைப்பாளர்களே இருக்கிறார்கள். ஆனால் அழைப்பு மணி அடித்த கணத்தில் அருங்காட்சியகம் மூடப்படும், அதுவே முறையும்கூட. அடுத்த பொறுப்பாளருக்கு அந்த அறை படுக்கையறையாகவோ பொருள் கிடங்காகவோ தேவைப்பட்டால் நாம் மறுப்புச் சொல்ல முடியாது. அதைவிட முக்கியமாக, ஒரு துறையின் சுவரில் அந்தத் துறை வராமல் போன தெருக்களைப் பற்றி எழுதுவது இரு தரப்புக்கும் சங்கடம். செயல்விளக்கங்களுக்கு நிலையத்தைத் துணையாக வைத்துக்கொள்ளலாம். இருப்பிடமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

சொந்தக் கட்டடம்தான் பலரின் கனவு. அதனால் அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

பழைய கட்டடம் என்றால் பெரும்பாலும் அறுபது ஆண்டைத் தாண்டியதாக இருக்கும். 1999-ஆம் ஆண்டின் தேசிய பாரம்பரிய வளங்கள் சட்டப்படியும் நம் மாகாணச் சட்டப்படியும், அத்தகைய கட்டடத்தை மாற்றவோ இடிக்கவோ முன்னனுமதி வேண்டும். நம் மாகாணத்தில் அதைத் தருவது அமாஃபா என்ற பாரம்பரிய அமைப்பு. வண்டி நுழைய முகப்புச் சுவரை உடைத்து அகலக் கதவு வைப்பது இந்த அனுமதிக்குள் வரும் வேலை. அனுமதி கிடைக்காது என்று சொல்லவில்லை. கட்டட வரைஞர், வரைபடம், காத்திருப்பு எல்லாம் நம் கணக்கில் சேரும் என்கிறேன். பிறகு கூரை, கழிவறை, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், திருட்டுக்குக் காவல், காப்பீடு. பித்தளைக்கும் செம்புக்கும் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை இருக்கும் நாட்டில் குழாய் முனைகளைக் காட்சிக்கு வைக்கப்போகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

கடலோரக் காற்று இன்னொரு செலவு. கோடையில் இங்கே காற்றின் ஈரப்பதம் எழுபது விழுக்காட்டைச் சாதாரணமாகத் தாண்டும். தோல், கான்வாஸ், நிழற்படம் ஆகியவற்றுக்கு ஐம்பதை ஒட்டிய, ஏறியிறங்காத நிலையே ஏற்றது. எங்களிடம் உள்ள கான்வாஸ் குழாய் ஒன்று இதைக் கண்முன் காட்டுகிறது. அது பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் தட்டையாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்திருக்கிறது. வெளித்துணி பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது; ஆனால் உள்ளே பூசிய ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டி, மடிப்பு விழுந்த இடமெல்லாம் பிஸ்கட் போல நொறுங்குகிறது. பிரித்து விரித்தால் உடையும், அப்படியே விட்டால் பூஞ்சை பிடிக்கும். ஒரு முனையில் பொருத்திய பித்தளை இணைப்பியின் விளிம்பில் பச்சைக் களிம்பு ஏறி, நூல் கட்டு அழுகியிருக்கிறது. ஒரே பொருளில் மூன்று வகைப் பராமரிப்பு தேவைப்படுகிறது. இதை அறிந்த ஒருவர் சம்பளத்துக்கு இருந்தால்தான் சொந்தக் கட்டடம் பொருளைக் காக்கும். இல்லையென்றால் கோயில் பின்னறைக்கும் அதற்கும் வேறுபாடு வாடகை மட்டுமே.

தீயணைப்புப் பொருள்களுக்கே உரிய ஆபத்துகளும் உள்ளன. இவற்றைச் செயற்குழு போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தீயின் மேல் எறிந்து உடைக்கும் பழைய கண்ணாடிக் குடுவைகளில் சிலவற்றில் உப்புத் தண்ணீர்தான் இருக்கும், சிலவற்றில் கார்பன் டெட்ராகுளோரைடு இருக்கும். பின்னது ஈரலுக்குக் கேடு. சூடேறினால் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவைத் தரும். அழகான நீல நிறக் குடுவை என்று பிள்ளைகள் கையில் கொடுத்துவிடக் கூடாது. பழைய தீப்போர்வைகளும் கையுறைகளும் ஆஸ்பெஸ்டாஸ் நெய்தவையாக இருக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் வெட்டி உலகுக்கே விற்ற இந்நாடு 2008-இல் அதற்குத் தடை விதித்தது. 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய படச்சுருள்கள் நைட்ரேட் வகையாக இருந்தால் தாமாகவே பற்றக் கூடியவை. தீயணைப்பு அருங்காட்சியகம் அவற்றாலேயே எரிந்தால் அதைவிட நகைப்புக்கிடமானது வேறில்லை. இப்பொருள்களைப் பிரித்தறிந்து, முத்திரையிட்டு, தேவையானால் அப்புறப்படுத்தும் அறிவு நிலையான அருங்காட்சியகங்களிடம்தான் உண்டு.

கட்டடமே எரியாதா என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். 2021 ஏப்ரல் 18 அன்று டேபிள் மலையிலிருந்து இறங்கிய தீ கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகத்தைத் தின்றது. வாசிப்புக் கூடமும் அங்கிருந்த நூல்களும் போயின. தானாக இறங்கிய தீத்தடுப்புக் கதவுகளால் கீழ்த்தளத்துத் தொகுப்புகள் நெருப்பிலிருந்து தப்பின, ஆனால் தண்ணீரில் நனைந்தன. தன்னார்வலர்கள் நாள்கணக்கில் பெட்டி பெட்டியாகத் தூக்கி வெளியேற்றினார்கள். பல்கலைக்கழகத்துக்கே அந்த நிலை என்றால், உண்டியல் பணத்தில் நடக்கும் கட்டடத்துக்கு எத்தகைய தற்காப்பு இருக்கும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

வண்டியின் கணக்கும் இந்த வழியோடுதான் சேரும். நடுத்தரமான ஒரு பழைய பம்பு வண்டி ஏறத்தாழ எட்டு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் இருக்கும். சுற்றிலும் ஒன்றரை மீட்டர் நடைவழி விட்டால் அறுபது சதுர மீட்டர் போய்விடும். அது ஒரு பள்ளி வகுப்பறையின் அளவு. தண்ணீர் இல்லாமலே பல டன் எடை; பழைய பலகைத் தரை தாங்காது. வெளியில் கொட்டகை போட்டு நிறுத்தினால் உப்புக் காற்று தகட்டைத் தின்னும். பெறுவதும் எளிதன்று. நகராட்சிச் சொத்தைக் கைமாற்ற 2003-ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம் தடைகளை வைத்திருக்கிறது. அடிப்படைச் சேவைக்கு அது தேவையில்லை என்பதையும் அதன் சந்தை மதிப்பையும் நகர்மன்றம் வெளிப்படையான கூட்டத்தில் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும். தெரிந்தவரைப் பிடித்து வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் அந்தச் சட்டத்தை ஒருமுறை படிக்கட்டும்.

இருக்கும் அருங்காட்சியகத்தில் ஓர் அறை என்ற மூன்றாம் வழி, மேற்சொன்ன கவலைகளில் பெரும்பாலானவற்றைத் தீர்க்கிறது. டர்பனில் 1866-ஆம் ஆண்டுக் கட்டடமான பழைய நீதிமன்ற அருங்காட்சியகம் இருக்கிறது. ஆப்பிரிக்க மக்களை நகரத்தில் கட்டுப்படுத்திய அலுவலகமே அருங்காட்சியகமான குவாமுலே இருக்கிறது. டெர்பி தெருவில் 1860 பாரம்பரிய மையம் இருக்கிறது. இவற்றுள் எதுவும் நமக்கு வாக்களித்துவிடவில்லை. ஆயினும் கதையின் பொருத்தத்தைப் பார்த்தால், ஒப்பந்தக் கூலிகளின் வரலாற்றைச் சொல்லும் இடத்தில் கரும்புத் தீயும் தகர வீடும் இயல்பாக அமரும். குவாமுலே போன்ற இடத்தில் யாருக்குத் தண்ணீர் கிடைத்தது என்ற கேள்வி இன்னும் கூர்மையாக ஒலிக்கும். பதிவேடு, காவல், காற்றுக் கட்டுப்பாடு, பயிற்சி பெற்ற ஆள் எல்லாம் ஏற்கெனவே இருப்பது பெரிய ஆதாயம்.

குறை தொலைவுதான். பொருளைக் கொடுத்த முதியவர்கள் அதைப் பார்க்க டாக்சி மாறி நகரத்துக்குப் போக வேண்டியிருக்கும். நம் ஊர்ப் பள்ளிகளுக்குப் பேருந்து வாடகை கட்டுப்படியாகாது. விருந்தாளியின் அறை என்றும் விருந்தாளியின் அறைதான். புதிய கண்காட்சி வந்தால் முதலில் ஒதுங்குவது நம் பெட்டிகளாக இருக்கும். ஆகவே நன்கொடையாகக் கொடுப்பதா, இரவலாகக் கொடுப்பதா என்பதே இந்த வழியின் உயிர்நாடி. நன்கொடை என்றால் உரிமை போய்விடும், பராமரிப்புப் பொறுப்பும் நம்மை விட்டுப் போய்விடும். இரவல் என்றால் உரிமை நம்முடையது, ஆனால் எந்த நிறுவனமும் முடிவில்லாத இரவலை விரும்புவதில்லை. ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்கும் இரவலும், நம் சங்கம் கலைந்தால் பொருள்கள் அந்நிறுவனத்துக்கே சேரும் என்ற விதியும் இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கும் என்று எண்ணுகிறேன்.

நடமாடும் காட்சி என்றால் சிலருக்கு இளக்காரம். மடக்கு மேசையும் நான்கு படப்பலகையும்தானே என்கிறார்கள். அப்படிச் செய்தால் அப்படித்தான் இருக்கும். ஒரு சிறிய டிரெய்லரில் ஏற்றக்கூடிய அளவுக்குப் பலகைகள், பூட்டும் பெட்டிகள், ஒலிப்பதிவுக் கருவி, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய இரட்டைப் பிரதிகள் என்று திட்டமிட்டால் அது வேறு தரத்தில் அமையும். மேற்சொன்ன பித்தளை இணைப்பியையே எடுத்துக்கொள்வோம். நல்ல நிலையில் இன்னும் சில இணைகள் நம்மிடம் உள்ளன. ஆண் முனையைப் பெண் முனைக்குள் தள்ளினால் 'டக்' என்ற ஒலியோடு தாழ் விழும். இரு பக்கக் காதுகளையும் ஒருசேர இழுத்தால்தான் கழலும். இருட்டிலும் புகையிலும் கையுறையோடு செய்வதற்காக அமைந்த பூட்டு இது என்பதை, கண்ணைக் கட்டிக்கொண்டு தானே செய்து பார்க்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அது வெறும் பித்தளைத் துண்டு.

இன்னொரு செயல்விளக்கமும் உண்டு. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒரு நிமிடம் வாளி கைமாற்றச் சொல்லி, கடைசிப் பீப்பாயில் சேர்ந்த தண்ணீரை அளக்க வேண்டும். பாதி வழியில் சிந்திப்போகும். தீயணைப்புக் குழாய் ஒன்று நிமிடத்துக்குப் பல நூறு லிட்டர் தரும் என்று பிறகு சொன்னால், ஹைட்ரண்ட் இல்லாத தெருவில் வாழ்ந்தவர்கள் எதை இழந்திருந்தார்கள் என்பது அந்தப் பீப்பாயிலேயே தெரியும்.

நான்காம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தின் முதல் பருவம் உள்ளூர் வரலாறு பற்றியது. படம், எழுத்து, பொருள், முதியோரின் வாய்மொழி ஆகியவற்றிலிருந்து கடந்த காலத்தை எப்படி அறிவது என்பதே அதன் பொருள். நம் பெட்டிகள் அந்தப் பாடத்துக்கென்றே செய்தவை போல அமையும். ஆனால் அது ஜனவரி முதல் மார்ச் வரை. பாரம்பரிய மாதமோ செப்டம்பர். தீப் பருவம் அதற்குச் சற்று முன்னால். ஆகவே ஆண்டுக்கு இரண்டு சுற்று, ஒன்று பள்ளிகளுக்கு, மற்றொன்று கோயில் மண்டபங்களுக்கும் நூலகங்களுக்கும் என்று வகுக்கலாம். குடிசைப் பகுதிகளுக்கும் இது போக வேண்டும். மெழுகுவர்த்தியிலும் மண்ணெண்ணெய் அடுப்பிலும் தொடங்கும் தீ அங்கே இன்றைய செய்தி. நம் பாட்டிமாரின் தகர வீட்டு அனுபவம் சூலு மொழியில் அங்கே சொல்லப்படுமானால், இது தமிழர் தமிழருக்கே நடத்தும் காட்சியாகச் சுருங்காது.

இந்த வழியின் குறைகள் சிறியவை அல்ல. ஏற்றி இறக்குவதில் பொருள் அடிபடும். ஆகவே மூலப்பொருள்கள் எதுவும் பயணத்தில் போகக் கூடாது. இழுத்துச் செல்ல ஒரு வண்டியும் ஓட்ட ஒருவரும் வேண்டும், தன்னார்வம் எப்போதும் சீராக இருக்காது. ஆய்வாளர் ஒருவர் வந்து, அந்தப் படத்தைப் பார்க்கலாமா என்றால் காட்ட முகவரி இருக்காது. நடமாடும் காட்சி தனித்து நிற்க முடியாதது இதனால்தான்.

எனவே நான் செயற்குழுவுக்குப் பரிந்துரைப்பது நான்காவதையும் மூன்றாவதையும் இணைத்த ஏற்பாடு. மூலப்பொருள்கள் இரவல் ஒப்பந்தத்தின் பேரில் நிலையான அருங்காட்சியகம் ஒன்றின் காப்பறைக்குப் போகட்டும், நச்சுப் பொருள்களை அவர்கள் பிரித்துத் தரட்டும். இரட்டைப் பிரதிகளும் ஒலிப்பதிவுகளும் பலகைகளும் ஊர் சுற்றட்டும். சொந்தக் கட்டடத்தை என்றென்றைக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீண்ட காலக் குத்தகை, ஒழுகாத கூரை, ஒரு முழுநேர ஊழியரின் சம்பளத்துக்கு உறுதியான வருவாய் ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடைத்தால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன். மூன்றில் இரண்டு போதாது.

எந்த வழியானாலும் சில வேலைகள் பொதுவானவை. மூன்று இயக்குநர்களுக்குக் குறையாத இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவு செய்து, பொதுநல அமைப்பு என்ற தகுதியையும், நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் 18ஏ பிரிவின் ஒப்புதலையும் பெற வேண்டும். அது இல்லாமல் வணிகர்களிடம் போய் நிற்பது வீண். தேசிய லாட்டரி ஆணையத்திடம் கலை, பண்பாடு, பாரம்பரியம் என்ற பிரிவில் விண்ணப்பிக்கவும் பதிவும் தணிக்கைக் கணக்கும் தேவை. ஒலிப்பதிவு தரும் ஒவ்வொருவரிடமும் எழுத்து மூலமான இசைவு வாங்க வேண்டும். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் அன்று, 1949-ஐப் பற்றிப் பேசுபவர் அயலாரின் பெயரையும் சொல்லிவிடுவார் என்பதற்காகவும். இவை எல்லாவற்றிலும் முதலில் செய்ய வேண்டியது ஒலிப்பதிவுதான். தலைக்கவசம் காத்திருக்கும், தொண்ணூறை நெருங்குபவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

வண்டியைக் கேட்டு நகராட்சிக்கு எழுத வைத்திருக்கும் கடிதத்தை மாற்றி எழுதலாம் என்பது என் கடைசி யோசனை. நிலையங்கள் வைத்திருக்கும் பழைய நிகழ்வுப் பதிவேடுகளைப் பார்க்கவும் நகலெடுக்கவும் இசைவு கேட்போம். அழைப்பு வந்த நேரம், வண்டி புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், தெருவின் பெயர், தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற விவரங்கள் அத்தகைய ஏடுகளில் இருக்கும். ஏடுகள் பொது ஆவணங்கள் என்பதால் மூலங்கள் ஆவணக் காப்பகத்துக்கே உரியவை. நமக்கு நகல் போதும். ஒரே ஆண்டின் ஏட்டை எடுத்து, வெள்ளையர் பகுதித் தெருக்களுக்கும் நம் தெருக்களுக்கும் வண்டி சேர எடுத்த நேரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதுவோம்; நடமாடும் காட்சியின் முதல் பலகை அதுவாக இருக்கட்டும்.